மாதிரிக்கு வைத்த முகம்

ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன். வாசல் விளக்கை அணைக்கிறேன். பால் பாக்கெட்டை எடுத்து ஃபிரிட்ஜில் வைக்கிறேன். மாடியிலிருந்து இறங்கிக் கடையின் பின்கதவைத் திறக்கிறேன். கம்ப்யூட்டரை நான் அணைப்பதில்லை. அதனால் திரையை மட்டும் போட்டால் போதும். பாண்டீஸ்வரியின் ஃபைலைத் திறக்கக் கொடுத்துவிட்டு, பல் துலக்கிக்கொண்டே ஓரத்தில் ஓடும் எண்ணைப் பார்க்கிறேன். அந்தப் புரோகிராம் எவ்வளவு ரேம் எடுத்திருக்கிறது என்று காட்டும் எண். நானூறு எம்பி. தொள்ளாயிரம். ஆயிரத்து நானூறு. ஆயிரத்து எழுநூற்று எண்பதுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். போதுமான மெமரி இல்லை என்று ஒரு பெட்டி வரும். புரோகிராம் மூடிக்கொள்ளும். நான் வாய் கொப்பளிக்கப் போவேன்.

பதினோரு மாதமாக இப்படித்தான்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் கடை எங்களுடையது. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. நான் பிரிண்டிங் மெஷினைப் பார்ப்பேன். டிசைன் முழுக்க என் மனைவி பாண்டீஸ்வரி. அவள் பழகிய புரோகிராம் மிகப் பழையது. விற்ற கம்பெனியே இப்போது இல்லை. அதில் செய்த ஃபைலை வேறு எதுவும் திறக்காது. அவள் புது ஃபைல் தொடங்கவும் மாட்டாள். எல்லா மாதிரிகளையும் ஒரே ஃபைலில் வைத்திருந்தாள், தாள்மேல் தாள் அடுக்கியதுபோல் லேயர் லேயராக. வேண்டியதைக் காட்டி மற்றதை மறைப்பாள்.

வாடிக்கையாளர் படம் கொடுக்கும்வரை மாதிரியில் ஏதாவது ஒரு முகம் இருக்க வேண்டும். மற்ற கடைகளில் நடிகை படம் இருக்கும். இவள் தன் முகத்தையே வைத்தாள். மணப்பெண் இடத்தில் அவள். சடங்குப் பெண் இடத்தில் அவள். கவுன்சிலர் வேட்பாளர் இடத்திலும் அவள்தான், யாருடையதோ கும்பிட்ட கைகளோடு. எல்லாம் ஒரே படம், ஒரே சிரிப்பு. கண்ணீர் அஞ்சலியில் மட்டும் வேண்டாம் என்றேன்.

"மூஞ்சி சும்மாதான மாமா கெடக்கு. நடிகைன்னா கேஸ் போடுவா. நான் போடுவனா?" என்றாள்.

போன வருடம் ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் அந்த ஃபைல் திறந்துகொண்டிருந்தது. கயிறு கட்டுவதற்காகப் பேனர் ஓரத்தில் அடிக்கும் ரிங் தீர்ந்திருந்தது. அவள் வண்டியை எடுத்தாள். போகும்போது ஒன்று சொன்னாள். கால் மணி நேரத்தில் ஒருவர் அவசரமாக விசிட்டிங் கார்டு கேட்டு வந்தார். திரை அசையவில்லை. பட்டனை அழுத்திப் பிடித்துக் கம்ப்யூட்டரை அணைத்தேன். அது மறுபடி உயிர்பெற்று வருவதற்குள் போன் வந்தது. பைபாஸ் ரோட்டில் லாரி.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது துணி போர்த்தியிருந்தார்கள். வெளியே தெரிந்த காலில் செருப்பு இருந்தது. ஒரு கால்தான் தெரிந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். கடைசியாக என்ன சொன்னாள்? அவள் அம்மா மாயக்காள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அதுவரை அவர் அழவில்லை. நான் போகும்போது உயிர் இருந்தது என்றேன். அம்மாவைப் பார்த்துக்கொள் என்று சொன்னாள் என்றேன். அது எங்கிருந்து வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவர் கையை விட்டார். பிறகுதான் அழுதார்.

மறு வாரத்திலிருந்து அத்தை தினமும் வருகிறார். திருமங்கலத்திலிருந்து பஸ் மாறி, கேரியரில் சோறு எடுத்துக்கொண்டு. நான் சாப்பிடும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்துக்கொள்வது அவர்தான். ஆனால் மகள் தன்னை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றுதான் ஊரில் சொல்கிறாராம். அவர் மகன் பால்பாண்டி திருப்பூரில் இருக்கிறான். மாசியில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எத்தனை முறை கூப்பிட்டும் அவர் போகவில்லை.

"ஆத்தா இன்னும் எம் பிள்ளையத் தூக்கிப் பாக்கல மாப்ள," என்றான் போனில். "கேட்டா, தங்கச்சி சொல்லிட்டுப் போயிட்டா, மீறக் கூடாதுங்குது."

நான் சரி என்று வைத்துவிட்டேன்.

ஆடி பிறந்ததும் அத்தை பேனர் பேச்சை எடுத்தார். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் பெரிதாக வைக்க வேண்டும். கடை வாசலில் முன்பு தொங்கிய மாதிரியில் இருந்த அந்தச் சிரிக்கிற படம்தான் வேண்டும். அந்த மாதிரி வெயிலில் வெளிறிக் கிழிந்துவிட்டது. அவள் போன் லாரிச் சக்கரத்தோடு போயிற்று. படம் ஃபைலில் மட்டும்தான் இருக்கிறது. படத்துக்குக் கீழே அவள் கடைசியாகச் சொன்னதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்றார்.

நான்கு ஜிபி ரேமை எடுத்துவிட்டுப் பதினாறு போட்டேன். மறுநாள் காலை அதே ஆயிரத்து எழுநூற்று எண்பதில் நின்றது. பதினாறில் பன்னிரண்டு சும்மா கிடக்கும்போதே மெமரி இல்லை என்றது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சிவக்குமாரைக் கூப்பிட்டேன்.

அவன் புரோகிராமைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். பிறகு யாருடைய ஃபைல் என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான்.

"நீங்க எம்புட்டு ரேம் போட்டாலும் ஆகாதுண்ணே. இது முப்பத்திரண்டு பிட் காலத்துச் சரக்கு. ஒரு புரோகிராமுக்கு ரெண்டு ஜிபிதான் விண்டோஸ் குடுக்கும். மிச்சத்த இது எட்டிக்கூடப் பாக்க முடியாது."

வேறு வழி இல்லையா என்றேன். இருக்கிறது என்றான். ரெண்டுக்கு மேல் கொடுத்தாலும் சமாளிப்பேன் என்று புரோகிராமுக்குள்ளேயே ஓர் இடத்தில் குறித்திருக்க வேண்டும். எழுதியவர்கள் இதில் குறிக்கவில்லை. அந்தக் குறியை நாமே போட்டுவிடலாம். அப்புறம் நான்கு வரை எடுக்கும், அதற்கு மேல் கிடையாது. போட்டபின் ஃபைலைக் கெடுத்தாலும் கெடுக்கலாம். ஆகவே முதலில் ஒரு காப்பி எடுத்தான்.

அவன் வேலை செய்துகொண்டிருக்கும்போது, அன்றைக்கு நான் அணைக்காமல் விட்டிருந்தால் திறந்திருக்குமா என்று கேட்டேன்.

"தொறந்திருக்காதுண்ணே. அதுக்கு முந்தின நாள் அண்ணி சேத்ததோட அளவு தாண்டிருச்சு. நீங்க அணைக்கலைன்னாலும் தானா விழுந்திருக்கும்."

நல்ல பதில்தான். கேட்டுக்கொண்டேன். எதுவும் மாறவில்லை.

அவன் போனபின் ஃபைலைத் திறக்கக் கொடுத்தேன். ஆயிரத்து எழுநூற்று எண்பது. எண் நிற்கவில்லை. இரண்டாயிரம். இரண்டாயிரத்து முந்நூறு. இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்தில் நின்றது. திரை முழுக்க மணப்பெண்ணாகப் பாண்டீஸ்வரி வந்தாள். அந்த லேயரை மறைத்தேன். கீழே அதே முகம், சடங்குப் பாவாடையில். மறைத்தேன். கும்பிட்ட கைகளோடு அதே முகம். ஒவ்வொன்றாக மறைக்க மறைக்க, கீழே அதே இடத்தில் அதே சிரிப்பு இருந்தது. யார் முகத்தின் மேலேயும் என் கை இவ்வளவு நேரம் நின்றதில்லை. கடைசியில் கருப்புப் பின்னணியில் அதே முகம். மேலே கண்ணீர் அஞ்சலி. பெயர் இருக்கும் இடத்தில் 'உங்கள் பெயர்'. தோற்றம் என்பதற்குப் பக்கத்தில் காலி. மறைவு என்பதற்குப் பக்கத்திலும் காலி.

அவள் எல்லாவற்றையும் செய்து வைத்திருந்தாள். நான் தேதியை நிரப்ப வேண்டியதுதான் பாக்கி.

பெயரை அடித்தேன். பிறந்த தேதியை அடித்தேன். ஆவணித் தேதியை அடிக்கும்போது பின்கதவு திறந்தது. அத்தை கேரியரைக் கீழே வைக்காமல் நின்றார். திரையையே பார்த்தார்.

"இதேதான்," என்றார். பிறகு ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்ப அவ சொன்னத போடுங்க மாப்ள."

'அம்மாவை' என்று அடித்தேன். எழுத்துகள் அவள் கழுத்துக்குக் கீழே வெள்ளையாக வந்து நின்றன. இது பஸ் ஸ்டாண்டில் ஒரு மாதம் நிற்கும். அவளே சொன்னதாக நிற்கும். அத்தை தினமும் அதற்குக் கீழே பஸ் ஏறி இங்கே வருவார். திருப்பூரில் குழந்தை தவழத் தொடங்கிவிடும்.

அடித்ததை அழித்தேன்.

"அவ இதச் சொல்லல அத்த. நான் போறப்ப உசுரு இல்ல. நானாச் சொன்னேன்."

அவர் கேரியரை மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிடியை இரண்டு தரம் மாட்டிக் கழற்றினார். வெளியே கடை திறந்திருக்கிறதா என்று யாரோ கேட்டார்கள். கேட்டவர் போய்விட்டார்.

"என்னப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

இல்லை என்றேன்.

"ஆஸ்பத்திரியில பேசவே இல்ல."

இல்லை என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். அழவில்லை. பால்பாண்டியின் குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். பவதாரிணி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப, வீட்ட விட்டுப் போறப்ப என்னதான் சொல்லிட்டுப் போனா? உள்ளதச் சொல்லுங்க."

சொன்னேன்.

"கம்ப்யூட்டர அணைச்சிறாத மாமா, அது மெதுவாத்தான் தொறக்கும். ரிங்கு வாங்கிட்டு வாரேன்."