தரை தெரியும்வரை

குளத்தைக் காணோம். நேற்றுச் சாயங்காலம் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடத்தில், காலையில் நான் வந்து பார்த்தால் வெறும் கறுப்புச் சேறு. நடுவில் மண்மேடு. அதன்மேல் புல்லுக்குள் முட்டைகளை அணைத்தபடி காட்டு வாத்து. கரையில் மூன்று தெருநாய்கள், விருந்துக்கு அழைக்கப்பட்ட மாதிரி உட்கார்ந்திருந்தன.

பம்புக் கொட்டகையில் மச்சான் நிதானமாகக் கை துடைத்துக்கொண்டிருந்தார். என் மனைவியின் அண்ணன். இங்கே நிலக்கரி வெட்டிய காலமெல்லாம் குழியில் ஊறும் தண்ணீரை வெளியே இறைத்தவர். சுரங்கத்தை மூடி, மண் நிரப்பி, புல் வளர்த்து, பறவைகளுக்கென்று குளம் வெட்டி, அதைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தபோது, பம்பு தெரிந்த ஆள் என்று நான்தான் சேர்த்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“மச்சான், தண்ணி எங்க?”

“கீழ்க்குழிக்கு அனுப்பியாச்சு மாப்ள. ராத்திரி மழை கொட்டுச்சே, தண்ணி ஏறி முட்டையைத் தொடப் பாத்துச்சு. விடுவேனா?” குரலில் அத்தனை பெருமை.

“ஒரு சாண் குறைச்சா போதாதா? மொத்தத்தையுமா உறிஞ்சுவாங்க? அந்தத் தண்ணிதான் மச்சான் அதுக்கு வேலி! இப்ப நாய் நடந்தே போயிடும்!”

அவர் கரையைப் பார்த்தார், நாய்களைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது. “பாதியில எப்படி மாப்ள நிறுத்துறது?” என்றார் மெதுவாக.

சுரங்கத்தில் பாதி என்று ஒன்று கிடையாது. தரை தெரியும்வரை பம்பு ஓடும், அப்புறம்தான் ஆள் இறங்குவார்கள். ஒருமுறை யாரோ அவசரப்பட்டு நிறுத்திவிட்டார்கள், தேங்கிய தண்ணீர் இவருடைய கூட்டாளியைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து தேங்கிய தண்ணீரில் கால் வைக்கமாட்டார். என் மனைவி துணி ஊறவைத்தால்கூட வாளியைக் கவிழ்த்துவிடுவார். அண்ணன் தங்கச்சி சண்டையில் பாதி அந்த வாளியால்தான். எல்லாம் தெரிந்தும் இவரிடம் ஒரு குளத்தைக் கொடுத்திருக்கிறேனே, என்னை என்ன சொல்வது!

இதற்கு நடுவில் வனத்துறை அதிகாரி போனில், தண்ணீரைக் குறைக்கவே கூடாது என்கிறார். சுரங்க ஆபீஸில் கேட்டால் கரை தாங்காது, ஏற்றவே கூடாது என்கிறார்கள். இரண்டு பேருக்கும் “சரி சார்” சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது. குஞ்சு பொரிக்க இன்னும் சில நாள்தான். அதுவரை அந்த வாத்தை யாரும் தொடாமல் இருந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம்.

குழாயை மாற்றிப் போட்டு, கீழ்க்குழித் தண்ணீரைத் திருப்பி ஏற்றினோம். சேற்றின்மேல் தண்ணீர் பரவியது, சோம்பேறித்தனமாக. அதற்குள் ஒரு நாய் சேற்றில் கால் வைத்துவிட்டது. கல்லெறிந்தேன். அது மறுபக்கம் சுற்றிக்கொண்டு வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் மச்சான் ஒரு மூங்கில் கம்போடு இறங்கினார்.

“ஐயோ, நீங்க இறங்காதீங்க! நான் போறேன்!”

“நீ பம்பைப் பாரு.”

மேட்டுக்குச் சற்று இப்பால் போய், நாய்களைப் பார்த்து நின்றுகொண்டார். கணுக்கால் மூழ்கியது. கம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். அதட்டலை மட்டும் விடவில்லை. முழங்கால் மூழ்கியபோது இரண்டு நாய்கள் எழுந்து போய்விட்டன. மூன்றாவது முகர்ந்துகொண்டே நின்றது.

“மச்சான், போதும், வந்துடுங்க! நிறுத்திடுறேன்!”

அவர் நகரவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தார்.

“இன்னும் கொஞ்சம் ஏத்து மாப்ள,” என்றார்.

மூன்றாவது நாயும் திரும்பி நடந்த பிறகுதான் பம்பை நிறுத்தினேன். தொடையைச் சுற்றித் தண்ணீர் அசையாமல் நின்றது. அவருக்குப் பின்னால் வாத்து ஒருமுறை எழுந்து, முட்டைகளைப் புரட்டி வைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தது.