கால்சியம் இல்லாத பதினொரு நாட்கள்

கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மேசையின் தலைப்பக்கம் டாக்டரம்மா, ஆய்வகத்தின் தலைவி. அவருக்கு வலப்புறம் ஊசிக்காரர். என்னுடன் பிறந்தவளின் கணவர், எனக்கு அத்தான். கதவோரம், நாற்காலியின் பாதியில் மட்டும் உட்கார்ந்து, கரைசல்கள் கலக்கும் உப்பக்கா. மூலையில் குறிப்பேட்டுடன் நான். ஆய்வகத்தின் கடிதங்களை எழுதுபவன். டாக்டரம்மா உப்பக்கா பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

எங்கள் வேலை வலியின் வாசலைப் பற்றியது. நரம்புச் செல்லின் மேலுறையில் நான்கு புரதத் துண்டுகள் கூடி நின்று நடுவே ஒரு துளை விடுகின்றன. சூடு பட்டாலோ, மிளகாயின் காரச்சத்து உள்ளே போய் ஒட்டினாலோ, துளை திறக்கும், மின்னூட்டமுள்ள உப்புத் துகள்கள் பாயும், நமக்கு எரியும். அத்தான் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியைச் செல்லில் ஒட்டி அந்தப் பாய்ச்சலை அளப்பார். முதலில் காரச்சத்து மட்டும். அடுத்து, காரச்சத்தோடு, வலியைத் தணிக்க நாங்கள் சோதித்துவரும் பதினேழாம் எண் மருந்து. இரண்டாம் தடவை பாய்ச்சல் மூன்றில் ஒரு பங்காகிவிடும். இரண்டு வருடமாக அப்படித்தான். அடுத்த மாதம் ஒரு மருத்துவமனை நோயாளிகளுக்கே அதைக் கொடுத்துப் பார்க்க இருந்தது. ஆனால் பதினொரு நாளாகப் பாய்ச்சல் துளியும் குறையவில்லை.

"மருந்து அதேதான், செல்லும் அதேதான். அப்ப மாறினது என்ன?" என்றார் டாக்டரம்மா.

"என் கை மாறல," என்றார் அத்தான். "ஊத்துற கரைசல்தான் வேற கையிலேர்ந்து வருது."

"பேரைச் சொல்லுங்க சார்," என்றாள் உப்பக்கா. "எதுக்குச் சுத்தி வளைக்கிறீங்க?"

"பதவி உயர்வு வரலைங்கிற கோவம் இருக்கும்ல?" என்றார் அத்தான்.

"கோவம் வந்தா சண்டை போடுவேன் சார். உப்புல கை வைக்க மாட்டேன்."

மூன்று மணிக்குள் உப்பக்காவை வேலையிலிருந்து நீக்கும் கடிதம் தயாராக வேண்டும் என்று டாக்டரம்மா எழுந்துவிட்டார்.

எனக்கும் அவள்மேல் சந்தேகம் இருந்தது. போன வியாழக்கிழமை ஒரு குப்பியை அவள் தன் பைக்குள் வைத்ததைப் பார்த்திருந்தேன். ஆனால் அத்தான் காட்டிய அவசரமும் சரியாகப் படவில்லை. காரணம் எழுதும் வரியைக் காலியாக விட்டுவிட்டு அவளுடைய மேசைக்குப் போனேன்.

"வியாழக்கிழமை நாலு மணிக்கு ஒரு குப்பியைப் பைக்குள்ள வச்சீங்க."

"நேரம் வேற குறிச்சு வச்சிருக்கியா? நல்லா இருப்பே தம்பி!" என்று அதை எடுத்து என் முன்னே வைத்தாள். காலிக் குப்பி. கால்சியம் உப்பு என்று எழுதியிருந்தது. "தீர்ந்து பதினொரு நாளாச்சு. பக்கத்து ஆய்வகத்துல இதைக் காட்டி ஒரு கரண்டி கேட்டேன். கடிதம் இல்லாம தர மாட்டாங்களாம்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சீட்டு எழுதி உன் தட்டுல வச்சேனே."

ஐந்து சீட்டு சேர்ந்தால்தான் நான் கொள்முதல் கடிதம் எழுதுவேன். அது நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு. தட்டில் நான்கு சீட்டுகள் கிடந்தன. அடியில் இருந்தது அவளுடையது.

"கால்சியம் இல்லாமலேயா கலக்கினீங்க?"

"உன் அத்தானைக் கேட்டுட்டுத்தான். கண்ணை மைக்ராஸ்கோப்புலேர்ந்து எடுக்காம, சரி போங்கன்னு கையை ஆட்டினாரு. குப்பியில எழுதியும் ஒட்டினேன். அவரு மூடியோட நிறத்தைப் பாத்து எடுக்கிறவரு, எழுத்தையா படிப்பாரு?" குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு வேற ஒரு சந்தேகம். அந்த வாசல் வழியா உள்ள போற கால்சியமே வாசலைச் சோர வச்சுடும். அப்ப மருந்து இல்லாமலும் ரெண்டாவது தடவை குறையணும்ல? மருந்தே போடாம ரெண்டு தடவை யாராவது பாத்தாங்களா?"

இரண்டு வருடப் பதிவேடுகளைப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் முதலில் காரம், பிறகு மருந்தோடு காரம். ஓரிடத்திலும் வரிசை மாறவில்லை.

பக்கத்து ஆய்வகத்துக்கு மூன்று வரிக் கடிதம் எழுதினேன். உப்பக்கா ஒரு கரண்டி கால்சியத்தோடு திரும்பினாள்.

"மாப்ளே, நீ எந்தப் பக்கம்?" என்றார் அத்தான். "ஞாயித்துக்கிழமை சாப்பிட நம்ம வீட்டுக்குத்தானே வரணும்?"

"வர்றேன் அத்தான். முதல்ல ஊசியைப் போடுங்க."

கால்சியம் சேர்த்த கரைசல். மருந்து கிடையாது. காரம் ஒரு தடவை. பாய்ச்சல் எவ்வளவோ அவ்வளவு கீழே திரையில் கோடு இறங்கும்; இப்போது ஆழமாக இறங்கியது. கழுவிவிட்டு மறுபடியும் காரம்; கோடு மூன்றில் ஒரு பங்குதான் இறங்கியது. அடுத்த செல்லிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். அத்தான் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். பிறகு கோடுகளை அச்செடுத்துக்கொண்டு அவரே டாக்டரம்மாவின் அறைக்கு நடந்தார்; நானும் உப்பக்காவும் பின்னால் போனோம்.

"மருந்து ஒண்ணும் பண்ணல மேடம். வாசல் தானாச் சோர்ந்து போகுது. நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

டாக்டரம்மா மூன்று செல்களின் கோடுகளையும் தாளில் விரலால் தடவிப் பார்த்தார். நீக்கல் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி நான்காகக் கிழித்தார். உப்பக்காவை நேராகப் பார்த்து, "உட்காருங்க," என்றார். என்னிடம், "மருத்துவமனைக்கு எழுதுங்க. நோயாளிகளுக்குக் கொடுக்க வேண்டாம்னு."

எழுதினேன். தவறு தெரியவந்த விதத்தையும், கண்டுபிடித்தவர் கரைசல் கலக்குபவர் என்பதையும், கால்சியம் வராததற்கு என் ஐந்து சீட்டு வழக்கமே காரணம் என்பதையும் சேர்த்தேன்.

"கடைசி வரி வேணுமா?" என்றார் டாக்டரம்மா.

"இருக்கட்டும்மா."

கையெழுத்திட்டார். உறையில் இட்டு, பசை தடவி, ஓரத்தை நகத்தால் இருமுறை அழுத்தினேன். பக்கத்தில் இன்னொரு உறை: ஒரே ஒரு சீட்டுக்காக எழுதிய கால்சியம் கொள்முதல் கடிதம். தபால்காரர் வந்ததும் இரண்டையும் கையில் கொடுத்தேன். அவை பைக்குள் விழும்வரை கண்ணை எடுக்கவில்லை.