இடுப்பு அளந்த நாடா

முழு ரொட்டியும் குப்பைத் தொட்டிக்குள் போய் விழுந்தது. மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் பின்வாங்கினார்கள். இல்ஃபோர்டில், ஐரோப்பிய நாடோடி வழிவந்த ரோமா இன மக்கள் ஞாயிறு ஜெபத்துக்குக் கூடும் மண்டபம் அது. அதுவரை கத்தலும் சிரிப்பும் அக்கோர்டியன் இசையுமாகக் கிடந்த இடம் சட்டென்று அடங்கிப்போனது. அந்த நேரம் யாராவது என் பிரஷரை எடுத்திருந்தால், நர்ஸாகிய என்னைத்தான் முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள்.

"என்னாச்சு கௌசி?" என்றார் டாக்டர் கிரண். கோயம்புத்தூர்க்காரர். நாங்கள் இருவரும் ஒரே சர்ஜரியில், அதாவது குடும்ப டாக்டர் கிளினிக்கில், வேலை செய்கிறோம்.

அன்று மண்டபத்தில் நாங்கள் நடத்திய இதயப் பரிசோதனைக்கு ஆட்களைக் கூட்ட, அந்த மக்களில் ஒருத்தியான மிரேலா வீடு வீடாக அலைந்திருந்தாள். அவளுடைய மாமனார் நாற்பது வயதில் மாரடைப்பில் போனவர். கணவனின் தமையன் போன வருடம், அதே வயதில், அதே மாதிரி. இப்போது கணவன் வியோரெலுக்கும் நாற்பது நெருங்குகிறது. சிகரெட், உப்பு, பன்றிக்கொழுப்பு, எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு. "அவரை அந்தக் கதிரையில் உட்கார வைத்தால் போதும்" என்று மிரேலா என் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். அதற்கு மாமியார் ஃப்ளோரேயா சம்மதிக்க வேண்டும். ரொட்டியை எறிந்ததே அந்த ஃப்ளோரேயாதான்.

நான் செய்தது இவ்வளவுதான். ஒரு பெண்ணின் இடுப்பையும் பின்புறத்தையும் அளந்த நாடாவை ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

"இடுப்புக்குக் கீழே பட்டது எதுவும் சாப்பாட்டுப் பக்கம் வரக்கூடாது. பாவாடையைக்கூட நாங்கள் மேல்சட்டையோடு துவைக்கமாட்டோம்" என்று மிரேலா அழாக்குறையாகச் சொன்னாள்.

சொல்லி முடிக்குமுன் எனக்கு விளங்கிவிட்டது! மனோர் பார்க் வீட்டில் என் அம்மா கால் துடைக்கிற துணியையும் குசினியில் பாத்திரம் துடைக்கிற துணியையும் ஒரே மெஷினில் போட விடமாட்டா. அதற்கென்று தனி வாளி வைத்திருக்கிறா. அதற்காக அவவோடு எத்தனை சண்டை பிடித்திருக்கிறேன். இன்று அந்த வாளியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சலாம் போலிருந்தது.

"பிழை என்னிலதான், டொக்டர். இடுப்பு அளக்கிறதை அங்கால திரைக்குப் பின்னால வைப்பம். இங்க கையில பிரஷர் மட்டும். வேற மேசை வேணும்."

"ஆமா, அதான் சரி. நான் தூக்கிட்டு வர்றேன்."

நாடாவையும் குப்பையில் போட்டேன். எல்லோரும் பார்க்க, முழங்கை வரை சோப் போட்டுக் கழுவினேன். ஃப்ளோரேயா என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து, தானே கதிரையில் அமர்ந்து, சட்டைக்கையைச் சுருட்டினாள். மண்டபமே ஆர்ப்பரித்தது! எழும்பியதும் அவள் நேரே போய் மகனின் தோளிலிருந்து அக்கோர்டியனைக் கழற்றினாள். தாய்க்கு முன்னால் வியோரெலின் சிரிப்பு எடுபடவில்லை. அவன் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் வரிசை கதவு வரை நீண்டது.

வியோரெலின் பிரஷர் மெஷினில் இருநூறைத் தாண்டியது. மற்றக் கையிலும் அப்படித்தான்.

"நெஞ்சுல ஏதாவது பண்ணுதான்னு கேளுங்க" என்றார் கிரண். நான் மிரேலாவிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்.

வியோரெல் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான். மிரேலா சிரிக்காமல் அதை எங்களுக்குச் சொன்னாள்: "காலையிலிருந்து நெஞ்சு இறுக்குதாம், இடது கை கனக்குதாம். அக்கோர்டியன் வார் இழுக்கிறது என்று நினைத்தாராம்."

அம்புலன்ஸ் வந்தபோது மண்டபம் முழுவதும் அவனோடு தெருவுக்கு வந்துவிட்டது. ஒருவருக்கு ஏதும் என்றால் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போவது அவர்கள் வழக்கம். ஆனால் கூட ஏற ஓராளுக்குத்தான் இடம். ஃப்ளோரேயா மருமகளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். கதவு சாத்துமுன் வியோரெல் கையை உயர்த்தினான். அவன் சிரிக்கவில்லை.

அம்புலன்ஸ் திரும்பி மறைந்தது. கார்களை நோக்கி ஓடத் தொடங்கியவர்களை ஃப்ளோரேயா ஒரே அதட்டில் நிறுத்தினாள். என்ன சொன்னாள் என்று சொல்ல மிரேலா இல்லை. தன் கடைசி மகனை, வியோரெலின் தம்பியை, இழுத்துவந்து, சட்டைக்கையைச் சுருட்டி, அவன் கையை என் முன்னால் நீட்டினாள்.

நான் மண்டபத்துக் கதிரையைத் தெருவுக்கே கொண்டுவந்தேன். பஸ் தரிப்பிடம் வரைக்கும் வரிசையாக, அந்தக் குளிர்காற்றில், சுருட்டிவிட்ட வெறும் கைகள்.