ஆகஸ்டில் எடுத்த மதிப்பெண்

"ரீஸை இப்பவே வெளிய கூப்பிடுங்க, டெரிக்."

ஸ்கெல்பி ரக்பி கிளப்பில் மார்னி ஒருபோதும் கேட்கக் கூடாதது இது ஒன்றுதான். பயிற்சியாளர் டெரிக் ஆக்ராய்டு அவளை பிசியோ வேலைக்கு எடுத்த அன்றே சொல்லிவிட்டார். கட்டுப் போடு, ஐஸ் வை, கால் பிடித்துவிடு. ஆட்டம் நடக்கும்போது ஒருவனை வெளியே எடுக்கச் சொல்லி மட்டும் என்னிடம் வராதே, அது என் வேலை என்றார். அவள் கையில் பட்டம் வாங்கிய சூடு ஆறாத நேரம் அது. குடும்பத்தில் முதல் பட்டம். தலையாட்டி வைத்தாள்.

இன்று அடிபட்டது அவள் தம்பிக்கு. பந்தோடு ஓடிவந்த எதிரணியின் ஒரு மலையை மறித்து ரீஸ் வீழ்த்தினான். அவன் தலை போய் அந்த ஆளின் இடுப்பெலும்பில் மோதியது. எழுந்துவிட்டான். ஆனால் எழுந்தவன், இல்லாத படிக்கட்டில் கால் வைக்கிறவன் மாதிரி நடந்தான்.

டெரிக் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நல்லாத்தான் இருக்கான், கண்ணு. இன்னும் கொஞ்ச நேரம்தான். இன்னைக்குத் தோத்தா அடுத்த வருஷம் கீழ் டிவிஷன். தெரியும்ல?"

"தெரியும். அவன் நடக்கறதும் தெரியுது."

"தம்பிங்கறதால பதறாத. படிச்ச பொண்ணு மாதிரி நடந்துக்க."

வேண்டும்போது எடுப்பதும் வேண்டாதபோது குத்திக்காட்டுவதும் அந்த ஒரு படிப்பைத்தான். மார்னி பையைத் தூக்கிக்கொண்டாள். யாரோ உதைத்த பந்து வேலி தாண்டிக் கால்வாயில் விழுந்தது. நீண்ட கம்பில் கட்டிய வலையோடு ஒரு கிழவர் அதை எடுக்க ஓடினார். ஆட்டம் நின்ற அந்த இடைவெளியில், யாரையும் கேட்காமல் மைதானத்துக்குள் இறங்கினாள்.

தலையில் அடிபட்டவனைக் கேட்க வழக்கமான கேள்விகள் சில உண்டு. எங்கே ஆடுகிறோம், எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன வாரம் ஜெயித்தோமா. முதல் கேள்வியை அவள் பாதி கேட்கும்போதே ரீஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். "கார்ட்டர்ஸ் லேன், ரெண்டாவது பாதி, அவங்க எடுத்தாங்க, போன வாரம் தோத்தோம்."

பக்கத்தில் நின்ற ஃபிட்ச் சிரித்தான். கழுத்தே இல்லாத முன்வரிசைக்காரன், வாரநாட்களில் குழாய் ரிப்பேர் செய்கிறவன். "முழு மார்க், டாக்டரம்மா. இடத்தைக் காலி பண்ணுங்க."

மார்னி நகரவில்லை. கணக்கில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டாள்.

"நாம எந்தப் பக்கம் போறோம், ரீஸ்?"

அந்த மைதானம் சாலையிலிருந்து கால்வாய்க்குச் சரிவாக இறங்கும். இரண்டாவது பாதியில் கால்வாய் முனையை நோக்கி இறக்கத்தில் ஓடுவதுதான் ஸ்கெல்பி காலங்காலமாக விரும்புவது. தள்ளுவண்டியில் வரும் குழந்தைக்குக்கூடத் தெரியும். மழைத் தண்ணீர் ரீஸின் பூட்ஸைச் சுற்றிக்கொண்டு கீழே ஓடிக்கொண்டிருந்தது. அவன் யோசித்தான். வெகுநேரம் யோசித்தான். பிறகு மேலே, சாலையைக் கை காட்டினான்.

ஃபிட்ச் சிரிப்பை நிறுத்தினான். மார்னி நடுவரைக் கூப்பிட்டாள். ரீஸ் வெளியே வந்தான். தகரக் கூரைக்குக் கீழே நின்ற கூட்டம் ஊளையிட்டது. அவள் பிறந்தது முதல் பார்த்துப் பழகிய முகங்கள்தான்.

இருந்தும் கடைசித் தள்ளுமுள்ளில் ஸ்கெல்பி ஜெயித்துவிட்டது. ஜெயித்தவர்களுக்குப் பெரிய மனசு வந்துவிடும். உடைமாற்றும் அறையில் நீராவிக்கு நடுவே தலையில் துண்டோடு ரீஸ் உட்கார்ந்திருந்தான். ஜெயிச்சோமா என்று கேட்டான். சொன்னாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி அதையே கேட்டான்.

ஃபிட்ச் பீர் குவளையோடு வந்து அவளுக்கு ஆறுதல் சொன்னான். "விடுங்க டாக்டரம்மா. கம்ப்யூட்டர் டெஸ்ட்ல பாஸ் ஆயிடுவான். ஆகஸ்ட்ல அவன் போட்டு வச்ச மார்க்குக்கு என் நாய்கூடப் பாஸாகும்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார்கள். குனிந்தவர்களைப் பார்த்துத்தான் மார்னிக்கு விஷயம் விளங்கியது.

ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன், எல்லோரையும் கணினி முன்னால் உட்காரவைத்தவள் அவள்தான். திரையில் வரும் சொற்களை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும், நிறம் மாறியதும் பொத்தானை அழுத்த வேண்டும். தலை நன்றாக இருக்கும்போது எடுக்கும் மதிப்பெண் அது. பின்னால் அடிபட்டால், மறுபடி அதை எட்டும்வரை ஆடக் கூடாது. முதலிலேயே வேண்டுமென்று குறைத்து எடுத்துவைத்தால், கலங்கிய தலைகூட அதை எட்டிவிடும். போன மாதம் ரீஸுக்குத் தலையில் அடி. வெளியே உட்காரவைத்தாள், சோதித்தாள், மதிப்பெண் ஆகஸ்டுக்குச் சரியாக இருந்தது. ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.

இதில் இன்னொன்றும் இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆகஸ்டில் தம்பியின் குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்து அவள் ராத்திரி அழுதிருந்தாள். வீட்டுக்கு வரவேண்டிய மூளையை எல்லாம் நானே எடுத்துக்கொண்டு போய்விட்டேனோ என்று. அவனோ அந்த நேரம் இவர்களோடு உட்கார்ந்து சிரித்திருப்பான்.

"வேணும்னேதான் பண்ணியா?"

ரீஸ் துண்டுக்குள்ளிருந்து பேசினான். "எல்லாரும்தான் பண்ணோம். மெதுவா அழுத்துங்கடா, பின்னாடி உதவும்னு டெரிக்தான் சொன்னாரு." பிறகு, "நீ படிச்சு வெளிய போயிட்ட, மார்னி. எனக்கு இருக்கறது இந்த மைதானம் ஒண்ணுதான்" என்றான். பிறகு ஜெயித்தோமா என்று கேட்டான்.

ஃபிட்ச் கையிலிருந்த குவளையை வாங்கி வைத்துவிட்டு, இவன் பக்கத்திலேயே இரு, குடிக்க விடாதே, வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவை, என்னைக் கூப்பிடு என்றாள். ஃபிட்ச் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தான். அவள் தாழ்வாரத்தில் நின்று ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். அதன் பிறகுதான் கிளப் கூடத்துக்குள் போனாள்.

கூடத்தில் பாட்டு ஓடியது. அவளுடைய அம்மா ஜீனெட் பரிமாறும் சன்னலுக்குப் பின்னால் நின்று இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியும் மசித்த பட்டாணியும் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"ஆகஸ்ட் டெஸ்ட்ல இவங்க பண்ணது உனக்குத் தெரியுமாம்மா?"

ஜீனெட் கரண்டியைப் பார்த்தாள். "அது ஏதோ கம்ப்யூட்டர் விளையாட்டுன்னு சொன்னான். கெஞ்சினான்டி. உன் காதுக்கு வந்தா நீ விடமாட்டேன்னு தெரியும்."

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

அம்மா அடுத்த தட்டை எடுத்தாள். பட்டாணிக்கு நின்ற வரிசையே வேறு பக்கம் பார்த்தது. அந்தக் கூடத்தில் தெரியாத ஒரே ஆள் தான்தான் என்பது மார்னிக்கு விளங்கியது. எல்லோருமாகச் சேர்ந்து அவளை முட்டாளாக்கவில்லை; அதைவிட மோசம், அவளை வெளியாளாக்கியிருந்தார்கள்.

டெரிக் வந்து தோளில் கை போட்டார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. மேலே லீக் அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், இந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் எதற்கு, நானே என் வேனில் கூட்டிப்போகிறேன், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மெல்லப் பேசினார். அவள் பல்கலைக்கழக நேர்காணலுக்குப் போனதும் அதே வேனில்தான். அதையும் ஞாபகப்படுத்தினார்.

"ஆஸ்பத்திரியில அந்த மார்க்கெல்லாம் பொய்னு சொல்லப்போறேன்" என்றாள். "லீக்குக்கும் சொல்லுவேன்."

டெரிக் கையை எடுத்தார். "சொல்லு. மொத்த டீமும் ஆட முடியாம உட்காரும். உன் தம்பி இனிமே பந்தைத் தொடமாட்டான். அவன் ஆடலாம்னு கையெழுத்துப் போட்டது யாரு, அதையும் சேர்த்துச் சொல்லு."

"அதைத்தான் முதல்ல சொல்லுவேன்."

"மார்னி, இது நம்ம கிளப்டி" என்றாள் ஜீனெட்.

மார்னி அம்மாவைப் பார்த்தாள். திட்ட வாய் வரை வந்தது. திட்டினால் அழுவாள், அழுதால் சமாதானம் செய்ய ஆட்கள் வருவார்கள், சமாதானம் செய்தே ஆளை உட்காரவைத்துவிடுவார்கள். அவர்களுக்கு அது கைவந்த கலை. கிளப் மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

கார்ட்டர்ஸ் லேன் வாசலில் கார்கள் குறுக்கும் நெடுக்குமாக நின்றன. ஆம்புலன்ஸ் உள்ளே வர வழி ஒதுக்க வேண்டும். முதலில் நிற்பது டெரிக்கின் வேன். சாவி என்று கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. பரவாயில்லை, ஸ்ட்ரெச்சரைச் சாலையிலிருந்தே தூக்கி வரட்டும், ஊரே பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு மழைக்குள் நடந்தாள்.