கப்பலில் ஒரு பரண்

கணவன் விஜயராஜ் அனுப்பிய குரல் செய்தி வந்தபோது சசிகலாவின் இரண்டு கையிலும் புளி. புறங்கையால் தட்டித்தான் போனைத் திறந்தாள். எதிரே உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்த மாமியார் அம்மாக்கண்ணு தடியைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

"சசி, கம்பெனில ஒரு சான்ஸ் குடுத்துகிறாங்க. அடுத்த மாசம் சென்னைலேர்ந்து கப்பல் கெளம்பி இலங்கை போய்ட்டு திரும்புது. ரெண்டு பேருக்கு ஒரு ரூம்பு. ஒண்ணு பால்கனி வெச்சது. இன்னொண்ணு உள்ளாற, ஜன்னல் கெடையாது. இந்த ரெண்டுதான் மிச்சம் கீது. போட்டோ அனுப்பிகிறேன். அம்மாகிட்ட காட்டு. ரெண்டு பேரும் பாத்து, எதுன்னு சாயந்திரத்துக்குள்ள சொல்லுங்க."

பின்னால் துணி துவைக்கும் மெஷின்களின் இரைச்சல். யாரோ அவனைக் கூப்பிடும் சத்தம். அதோடு முடிந்துவிட்டது.

விஜயராஜ் அந்தக் கப்பலில் சலவை வேலை பார்க்கிறான். கல்யாணமான மறு வருஷம் போனவன். வருஷத்துக்கு ஒருமுறை வருவான், சாமை அறுக்கும் வரை இருப்பான், போய்விடுவான். அவன் வேலை செய்யும் இடம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே என்று ஒருதரம் சொல்லியிருக்கிறான். சசிகலாவுக்கு அது விளங்கவில்லை. கடலையே அவள் பார்த்ததில்லை. ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம் போனது இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு சாவுக்கும்.

"இன்னொரு தபா போடு," என்றாள் அம்மாக்கண்ணு.

போட்டாள்.

"ரெண்டு பேருக்கா?"

"ரெண்டு பேருக்குன்னுதான் சொல்றாரு, அத்த."

"எனக்கும் உங்க மாமனுக்கும். வேற யாருக்கு?" அம்மாக்கண்ணு தடியை எடுத்து ஒரு பழத்தின் மேல் போட்டாள். ஓடு தெறித்தது. "அந்த மனுசன் ஆட்ட வுட்டுட்டு வருவாரான்னு கேளு. கப்பல்ல ஆட்ட ஏத்துவாங்களாமா?"

சசிகலா செய்தியை மறுபடி போட்டுக் கேட்டாள். அவளுக்கு வேறொன்று உறுத்தியது.

சாமை கதிர் பிடித்ததும் அவர்கள் ஊரில் கொல்லைக்குக் கொல்லை பரண் ஏறும். நாலு கால் நட்டு, மேலே பலகை போட்டு, தழை வேய்ந்து, பன்றிக்குக் காவலாக வீட்டில் ஒருவர் அதில் படுப்பார். அதற்கு ஒரு முறை உண்டு. பரணில் படுக்கப்போகிறவர் இடம் பார்க்கக் கூடாது. படுக்கிறவர் நிழலைப் பார்ப்பார், மேடு பள்ளம் பார்ப்பார், முதுகுக்குச் சுகம் எதுவென்று பார்ப்பார். பன்றி வரும் வழியைப் பார்க்க மாட்டார். அதனால் படுக்காதவர்தான் கொல்லையில் நின்று, காற்றைப் பார்த்து, காட்டைப் பார்த்து, குதிகாலால் மண்ணைக் குத்தி "இங்க" என்பார். படுக்கிறவர் வாய் திறக்கக் கூடாது. சசிகலா படுத்த வருஷமெல்லாம் விஜயராஜ் இடம் பார்த்தான். விஜயராஜ் படுத்த வருஷம் அவள் பார்த்தாள்.

ஆகவே ஒருவரை இடம் பார்க்கச் சொன்னால், அங்கே அவர் படுக்கப்போவதில்லை. அந்த ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் என்னைப் பார்க்கச் சொல்கிறார். அப்படியானால் நான் போகவில்லை.

உடனே இன்னொன்று குறுக்கே வந்தது. அத்தையையும்தானே பார்க்கச் சொல்கிறார்? அப்படியானால் அத்தையும் போகவில்லை. பின்னே யார்? மாமனார் மட்டுமா? அவரோடு யார்? ஒருவேளை கப்பலிலேயே கிடந்து அவர் முறையை மறந்துவிட்டாரோ? மறந்திருந்தால் நானும் போகலாம். மறக்காமல் இருந்தால் யாருமே போகவில்லை.

போன் செய்தாள். வீட்டில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். மணி அடிக்காமலே நின்றது.

சிக்னல் கிடைத்தாலும் என்ன கேட்பது? நானும் வர்றேனா என்றா? கூப்பிடாத பந்தியில் போய் எனக்கு இலை எங்கே என்று கேட்கிற மாதிரி அது.

போட்டோக்களைத் திறந்தாள். முதல் அறையில் கட்டில், விளக்கு, சுவரில் ஒரு படம். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று தெரியவில்லை. இரண்டாவதில் அதே கட்டில், அதே விளக்கு. கால்மாட்டில் கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே சின்னதாக ஒரு இடம், இரண்டு நாற்காலி, ஒரு தடுப்பு. தடுப்புக்கு அப்பால் நீலம். கீழேயும் நீலம், மேலேயும் நீலம்.

அந்த இரண்டு நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புளி மூட்டை ஏற்ற குணசீலன் மினி வேனோடு வந்தான். அம்மாக்கண்ணுவின் அக்காள் பேரன். முன்னே ஒருதரம் கட்டட வேலைக்கு அந்தமான் போனவன், கப்பலில். அன்றிலிருந்து கடலைப் பற்றி யார் எது கேட்டாலும் சொல்லுவான்.

"இன்னா சின்னாயா, கப்பல் வாங்கப் போறீங்களா?" என்று போனை வாங்கிப் பார்த்தான்.

"எந்த ரூம்பு நல்லதுன்னு சொல்லுடா," என்றாள் அம்மாக்கண்ணு.

"பால்கனின்னா மேல. காத்து ஆள தூக்கும். வாந்தி எடுத்து எடுத்து கொடலு வெளிய வந்துரும்."

"அப்ப உள்ளாற இருக்கறதா?"

"அது கூடைக்குள்ள கவுத்த கோழி மாதிரி. பகலா ராத்திரியான்னே தெரியாது."

"எதுதான்டா நல்லது?"

"யாரு போறதுன்னு சொல்லுங்க முதல்ல. வயசானவங்கன்னா உள்ளாற. சின்னவங்கன்னா பால்கனி."

இரண்டு பெண்களும் புளியைப் பார்த்தார்கள். குணசீலன் ஒருத்தி முகத்தைப் பார்த்தான், பிறகு இன்னொருத்தி முகத்தை.

"சரி, அந்தப் பால்கனி எந்தப் பக்கம்? எடப்பக்கமா, வலப்பக்கமா?"

"அதுல இன்னா இருக்குது?" என்றாள் சசிகலா.

"இன்னா இப்படிக் கேக்கறீங்க? ஆலங்காயம் பஸ்ல போவும்போது ஒரு பக்கம் பள்ளம் தெரியும், ஒரு பக்கம் பாறை. வரும்போது மாறிப்பூடும் இல்ல? அதே மாதிரிதான். போவும்போது கடல் தெரிஞ்சா, வரும்போது…" நிறுத்தினான்.

"வரும்போது?"

குணசீலன் யோசித்தான். "அப்பவும் கடல்தான்," என்றான்.

அம்மாக்கண்ணு சிரித்த சிரிப்பில் தடி கை நழுவியது. "போடா, மூட்டைய ஏத்து. இவனும் கப்பல்ல போனானாம்."

வேன் போனதும் அவள் உள்ளே போனாள். வெளியே வந்தபோது கையில் மகள் கல்பனா கல்யாணத்துக்கு எடுத்த நீலப் புடவை. பெட்டி வாசனை போக அதைக் கொடிக்கயிற்றில் விரித்துப் போட்டாள்.

"கடல் காத்துல உப்பு இருக்குமாமே. ஜரிகை கறுத்துப் போவுமா?"

"தெரியல, அத்த."

"பக்கத்து வூட்டு ரேணுகாதேவி கேட்டா சொல்லாத. கண்ணு போட்டுருவா. போவும்போது சொல்லிக்கலாம்."

சசிகலா கையைக் கழுவினாள். கழுவியும் பிசுக்கு போகவில்லை. "சிக்னல் கெடைக்குதான்னு பாத்துட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

காவலூர் ரோட்டில், வேடியப்பன் சாமிக் கல்லுக்குப் பக்கத்துப் பாறையில் ஏறி நின்றால் முழுக் கோடும் வரும். நடக்கும்போதே கணக்குப் போட்டாள். மாமனாரும் மாமியாரும் போவதென்றால் உள் அறைதான் நல்லது. காற்றில்லை, பயமில்லை. நான் போவதென்றால் அந்த இரண்டு நாற்காலி. ஆனால் நான் போவதென்றால் நான் சொல்லவே கூடாது. பாறையில் ஏறி "உள் ரூம்பு" என்று எழுதினாள். அழித்தாள். "பால்கனி" என்று எழுதினாள். அதையும் அழித்தாள்.

போன் செய்தாள். இந்தத் தடவை எடுத்துவிட்டான்.

"இன்னா, பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"எது?"

"யாரு படுக்கப் போறாங்கன்னு தெரியாம எப்பிடிங்க எடம் பாக்கறது?"

"இன்னா கேள்வி இது?" என்றான். "நீயும் நானும்தான்."

"நீங்களா?"

"எனக்குத்தான் இந்த மாசத்தோட கான்ட்ராக்ட் முடியுதே. முடிஞ்சதும் ஒரு டிரிப்பு பொண்டாட்டியோட சும்மா உக்காந்து வர்லாம்னு குடுக்கறாங்க. உனுக்கு சொல்லல?"

"சொல்லல."

"சொன்னேன்."

"சொல்லலைங்க. ரெண்டு பேருக்குன்னுதான் சொன்னீங்க. என்ன எடம் பாக்கச் சொன்னீங்க."

"அட, அம்மா பாக்கட்டும்னுதான் அம்மாகிட்ட காட்டச் சொன்னேன். நாம ரெண்டு பேருமே படுக்கறவங்க, நாம எப்பிடிப் பாக்கறது? மேஸ்திரி கூப்ட்டுக்கினே இருந்தான். அவசரத்துல எதச் சொன்னனோ."

அவன் முறையை மறக்கவில்லை. சசிகலா பாறையில் உட்கார்ந்துவிட்டாள். கல் சுட்டது. எழுந்துகொள்ளத் தோன்றவில்லை.

"நீங்க பாத்துகிறீங்களா அந்த ரூம்பெல்லாம்?"

"உள்ள வுட மாட்டாங்க. அதுங்க துணிதான் தெரியும். பால்கனி ரூம்பு துண்டு மட்டும் உப்பா இருக்கும். வெளிய காயப் போடுவாங்க போல."

"அத்த அவங்கதான் போறாங்கன்னு நெனச்சிக்கினு பொடவைய எடுத்துப் போட்டுட்டாங்க."

"ஐயய்யோ," என்றான்.

"நீங்களே சொல்லுங்க."

"டூட்டிக்கு டைம் ஆய்டுச்சி, சசி. நீயே பக்குவமா சொல்லிடு." வைத்துவிட்டான்.

திரும்பி நடந்தாள். வரும்போது கேட்க வேண்டியிருந்தது ஒன்று. அது கிடைத்துவிட்டது. கிடைத்ததைக் கையில் எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை. சந்தோஷம்தான். சந்தோஷம் வரும் வழியில் அந்த நீலப் புடவை குறுக்கே தொங்கியது. எதிரே வந்த ரேணுகாதேவி ஏதோ கேட்டாள். சசிகலா ஆமாம் என்றாள். கேட்டது என்ன என்று அப்புறம் யோசித்துப் பார்த்தும் நினைவுக்கு வரவில்லை.

அம்மாக்கண்ணு அதே இடத்தில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கெடச்சானா?"

"கெடச்சாரு."

"இன்னா சொல்றான்?"

போனை நீட்டினாள்.

"நீங்க எடம் பாக்கணுமாம், அத்த."

அம்மாக்கண்ணுவின் கை ஓங்கியபடி நின்றது.

"நானா?"

"ம்."

"நான் மட்டுமா?"

"நீங்க மட்டும். நானும் அவரும் பாக்கக் கூடாது."

அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மாக்கண்ணு தடியை மெதுவாக வைத்தாள். கொடியைப் பார்க்கவில்லை. மருமகளையும் பார்க்கவில்லை. போனை வாங்கி, வெயில் படாமல் முந்தானையால் மறைத்து, முதல் போட்டோவைப் பார்த்தாள். பிறகு அடுத்ததை. மறுபடி முதலாவதை. சசிகலாவால் அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. கோபமென்றால் தெரியும், வைவாள். வருத்தமென்றாலும் தெரியும், யாரையாவது வைவாள். இது எதுவும் இல்லை. கொல்லையில் நின்று காட்டைப் பார்க்கும்போது இருக்கும் முகம்.

"காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?"

"கப்பலு திரும்பிக்கினே இருக்குமாம். சொல்ல முடியாது."

"இந்தப் பக்கத்துலேர்ந்து இன்னா வரும்?" கண்ணாடிக் கதவைக் காட்டினாள்.

"ஒண்ணும் வராது, அத்த. தண்ணிதான்."

"ஒண்ணுமே வராதா? அப்புறம் எதுக்கு அங்க ஒரு பரணு?"

யாராவது இப்படிக் கேட்பார்கள் என்று சசிகலாவுக்குத் தோன்றியிருக்கவில்லை.

அம்மாக்கண்ணு விரலால் ஒரு போட்டோவைக் குத்தினாள். விரலில் புளி, திரை அசையவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு, குதிகாலால் மண்ணைக் குத்துகிற அழுத்தத்தோடு மறுபடி குத்தினாள்.

"இங்க."

சசிகலா எட்டிப் பார்த்தாள். இரண்டு நாற்காலி.

"இது பால்கனி, அத்த."

"எனக்கு கண்ணு தெரியுது. எம் புள்ள இத்தினி வருசம் ஜன்னலு இல்லாத பொட்டில கெடந்தது போதாதா? அதுலயே போய் படுக்கணுமா?" போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்தத் தடுப்பு எந்த ஒசரம்?"

"இடுப்பு வரைக்கும் இருக்கும்."

"அவன் தூக்கத்துல உருளுவான். சின்னதுல பரண்லேர்ந்து உருண்டு வுழுந்து கை ஒடச்சிக்கினான். ஓரத்துல படுக்க வுடாத. நீ ஓரம் படு."

கட்டில் உள்ளேதான் இருக்கிறது, வெளியே உட்காரத்தான் இடம் என்று சொல்ல சசிகலா வாயெடுத்தாள்.

"சரி, அத்த."

அம்மாக்கண்ணு எழுந்து, கொடியிலிருந்து புடவையை உருவி, தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். பெட்டி மூடி சாத்தும் சத்தத்துக்காக சசிகலா காத்திருந்தாள். வரவில்லை. "பால்கனி" என்று எழுதி அனுப்பினாள். செய்தி போகாமல் நின்றது. வீட்டில் கோடு இல்லை. மறுபடி பாறைக்குத்தான் போக வேண்டும். செருப்பை மாட்டினாள்.

"ஏ சசி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இந்த நீலப் பொடவ உப்புக் காத்துக்கு தாங்குமா தாங்காதா? அவன ஒரு வார்த்த கேளு."

யார் கட்டுவதற்கு என்று சசிகலா கேட்கவில்லை. கேட்கலாமா என்றும் தெரியவில்லை.

"தாங்கும், அத்த," என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.