ஒரு பாடத்துக்கு ஒரு பொய்

பரீட்சை முடிந்தும் பள்ளிக்கூடம் முடியாத பன்னிரண்டு நாட்கள் ஆண்டுதோறும் வந்து தொலைக்கும். புத்தகத்தை மூடிவிட்ட பிள்ளைகளை அந்த நாட்களில் வகுப்பில் பிடித்து வைப்பதைவிடத் தண்ணீரைச் சாக்கில் கட்டி வைத்துவிடலாம்.

ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சர் தற்காலிகமாக வேலைக்கு வந்தவள். அடுத்த ஆண்டும் இவளை வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்பதைக் கடைசி வெள்ளிக்கிழமை வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்வேன் என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லியிருந்தார். முதல் நாள் நாற்பத்திரண்டு பேரில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அதில் நாலு பேர் விட்ட குறட்டையில் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படம் ஆடிக்கொண்டிருந்தது.

டீச்சர் கொஞ்ச நேரம் அந்த எலும்புக்கூட்டையே பார்த்தாள்.

"இனிமே தினமும் பாடத்துல ஒரே ஒரு பொய் சொல்லுவேன். எதுன்னு கண்டுபிடிச்சு ஆதாரத்தோட வரணும். தூங்கறவங்க தூங்கலாம்."

குறட்டை நின்றது.

அன்றைய பாடம் தவளை. முன்வரிசையில் உட்காரும், எல்லாரும் வாயாடி என்று கூப்பிடும் பெண், சாயங்காலம் குளக்கரையில் மூன்று மணி நேரம் குந்தியிருந்து, மறுநாள் சாப்பாட்டு டப்பாவில் ஒரு சாட்சியோடு வந்து சேர்ந்தாள். தவளை வாயால் தண்ணீர் குடிக்கும் என்று டீச்சர் சொன்னது சுத்தப் பொய், தோலால்தான் உறிஞ்சிக்கொள்ளும் என்று வாதாடினாள். சாட்சியும் தலையாட்டியதாக வகுப்பே சத்தியம் செய்தது.

மூன்றாம் நாள் முப்பது பேர். ஐந்தாம் நாள் நாற்பத்திரண்டு. எட்டாம் நாள் ஐம்பத்தேழு. இந்த வகுப்பில் இத்தனை தலை கிடையாதே என்று பதிவேட்டை வைத்துச் சரிபார்த்தால், எட்டாம் வகுப்பிலிருந்து பதின்மூன்று பேரும், கடைசி பெஞ்சில் வாட்ச்மேனும், பக்கத்திலேயே பியூனும் இருந்தார்கள். மணியடிக்க வேண்டிய ஆள் உள்ளே இருந்ததால் அன்று மணியே அடிக்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை. நூலகத்தில் புத்தகமெல்லாம் தீர்ந்துபோய் நூலகர் ரயில் கால அட்டவணையை இரவல் கொடுத்தார் என்பார்கள். அது மட்டும் கொஞ்சம் மிகை.

வெள்ளிக்கிழமை வந்தது. பாடம் ஆக்டோபஸ். அதற்குக் கால் பத்து என்று புளுகுவதாக ஏற்பாடு. தங்கையை உட்கார வைத்து டீச்சர் ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள். ஆனால் தலைமையாசிரியை வாட்ச்மேனை நகரச் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இதயம் மூன்று, ரத்தம் நீலம், கால் எட்டு, காலாலேயே ருசி பார்க்கும் என்று மளமளவென ஒப்பித்து முடித்த பிறகுதான் உறைத்தது. பொய்யைச் சொல்ல மறந்துவிட்டாள்.

வாயாடி எழுந்தாள். "மூணு இதயம்னீங்களே, அதுதானே டீச்சர்?"

"இல்லம்மா."

நீல ரத்தமா என்றார்கள். இல்லை. காலால் ருசியா? அதுவும் இல்லை. அடுத்த நிமிஷம் மொத்த வகுப்பும் நூலகத்தைப் பார்த்து ஓடியது, பியூன் உள்பட. மேற்பார்வைக்கு வந்தவர் முன்னால் பெஞ்சுகள்தான் மிச்சம். தலைமையாசிரியையும் எழுந்து போனார்.

வேலை போயிற்று என்று தீர்மானித்த டீச்சர், சாயங்காலம் ஆசிரியர் அறையில் தன் சாமான்களைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை உள்ளே வந்தார். கண்ணாடியில் தூசி, கையில் தடித்த கலைக்களஞ்சியம்.

"முப்பது வருஷம் பாடம் நடத்தினவ நான். மூணு மணி நேரமா தேடறேன், கிடைக்கல. எதுன்னு சொல்லிடுங்க, மண்டை வெடிச்சிடும் போலிருக்கு."

டீச்சர் தரையைப் பார்த்தபடி, பயத்தில் பொய்யை விட்டுவிட்டதாகவும் சொன்னதெல்லாம் உண்மைதான் என்றும் ஒத்துக்கொண்டாள்.

தலைமையாசிரியை நாற்காலியில் சாய்ந்தார். ஜன்னலுக்கு வெளியே, வீட்டுக்குப் போகாத பிள்ளைகள் ஆக்டோபஸுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதை வெளிய மூச்சு விடாதீங்க. லீவு முழுக்கத் தேடட்டும்." அவர் புத்தகத்தை மூடினார். "ஸ்கூல் திறக்கிற அன்னிக்கு முதல் பீரியட் உங்களுக்குத்தான். நீங்களே வந்து ஒத்துக்குங்க. அதுங்க என்ன தண்டனை குடுக்குதோ, வாங்கிக்குங்க."

டீச்சர் பையிலிருந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்து மறுபடி மேசை இழுப்பறையில் வைத்தாள்.