எழுபத்தொரு புள்ளி

மகேந்திரராசா சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டுதான் கதவைத் திறந்தார். எண்பத்திரண்டு வயதாகியும் வீட்டுக்கு வந்தவர் முன்னால் அவர் முதுகு வளைந்ததில்லை.

வந்தவள் வாம்புய். கென்யாக்காரி; ஒஸ்லோவில் தாதியாக வேலை செய்கிறாள். அவளை அந்த நகரின் அம்மருட் பகுதியில் அவருடைய ஒன்பதாம் மாடி வீடுவரை இழுத்து வந்தது அவருடைய பெருமைதான். போன மாதம் தமிழ்ச் சங்கம் அவருடைய தகப்பனார் பாக்கியராசா மாஸ்டரின் நினைவு மலரை இணையத்தில் போட்டிருந்தது. அதிலுள்ள படத்தில், கென்யாவில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் முன்னால், பிள்ளைகளின் நடுவில் கோட்டும் டையுமாக மாஸ்டர். ‘ஆபிரிக்காவுக்கு எழுத்தறிவித்த மட்டக்களப்பு மைந்தன்’ என்ற வரியை எழுதிக் கொடுத்தவர் மகேந்திரராசா.

“இரண்டாம் வரிசையில் நெற்றித் தழும்போடு நிற்பவர் என் அப்பா, கமாவ்,” என்றாள் ஆங்கிலத்தில். “ஊரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இன்னும் சில நாள்தான். நாலாம் வகுப்புச் சோதனையில் தனக்கு எத்தனை புள்ளி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். தான் படிப்பு ஏறாத ஒரு மொக்கன் என்று எழுபது வருடமாக நினைத்து வாழ்ந்த மனிதர். படம் இருக்கிற வீட்டில் பதிவுப் புத்தகமும் இருக்கலாம் என்று வந்தேன்.”

“இல்லை. கப்பலில் தொலைந்துவிட்டது,” என்றார்.

தேநீரோடு வந்த மகன் குகநேசன் நின்றான். “அப்பா, உந்த அலுமாரிக்குள்ளை ஒரு சிவத்தப் புத்தகம் கிடக்கெல்லோ?”

“வாயைப் பொத்தடா. மாஸ்டரின்ரை பேர் அதுக்குள்ளை கிடக்கு.”

“படத்தை மலரிலை போட்டு ஊருக்கெல்லாம் காட்டலாம், வீடு தேடி வந்த மனுசிக்குப் புத்தகத்தைக் காட்டக் கூடாதோ? அங்கை ஒரு மனுசன் சாகக் கிடக்கிறார்.”

வாம்புய்க்குத் தமிழ் விளங்கவில்லை. ஆனால் மகனின் கண் அலுமாரிக்குப் போனதைக் கண்டாள். எழுந்து கம்பளித் தொப்பியை எடுத்தாள். அவளுடைய நெற்றியும் அவள் தகப்பனின் நெற்றிதான். சிறுவயதில் கென்யாவில் மகேந்திரராசாவோடு சேர்ந்து நீர்க்குடம் தூக்கிய கமாவ்.

மகேந்திரராசா திறப்பை எடுத்து அலுமாரிப் பூட்டைத் திறந்தார்.

புத்தகத்தில் எதிரெதிராக இரண்டு பட்டியல்கள் இருந்தன. வலது பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இடது பக்கத்தை மட்டும் காட்டினார். “கமாவ். எழுபத்தொன்று. வகுப்பில் ஏழாவது.”

“அப்படியென்றால் சோதனையில் சித்தியடைந்திருக்கிறார்! ஏன் மேல் வகுப்புக்கு அனுப்பவில்லை?”

“முப்பது பிள்ளைகளுக்கு ஆறு இடம். ஐந்தில் ஒருவர் போதும் என்பது வெள்ளைக்காரனின் கணக்கு. மற்றவர்கள் மண்வெட்டி பிடிக்க வேண்டும்.”

“இடமில்லை என்று சொல்லியிருக்கலாமே. தவறிவிட்டான் என்று ஏன் சொன்னார்கள்?”

இந்தக் கேள்வியைத் தகப்பனிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சித்தியடைந்த பிள்ளைகளுக்கு இடமில்லை என்றால் தாய் தகப்பன்மார் பள்ளிக்கூட வாசலுக்கு வருவார்கள்; தவறிய பிள்ளைகளுக்காக யாரும் வரமாட்டார்கள். மேலிடத்துக்கு அது வசதி, மாஸ்டருக்கும் வசதி. மகேந்திரராசா மெல்லக் கையை எடுத்தார். ஊருக்குக் காட்டிய பட்டியல் வலது பக்கம்; அதில் கமாவுக்கு முப்பத்தொன்று.

வாம்புய் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “இது வேறு கையெழுத்து.”

“என்னுடையது. நான்தான் எழுதினேன்.” பொய்யில்லை. குசினி மேசையில் இருத்தி, ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, முத்துப் போன்ற எழுத்தென்று தகப்பன் அவரைக் கொண்டு எழுதுவித்த பட்டியல் அது. ‘நான்தான்’ என்ற சொல்லின் பின்னால் தகப்பனை மறைத்துவிட்டு அவர் நிமிர்ந்து நின்றார்.

“அப்போது உங்களுக்கு என்ன வயது?”

“பதினொன்று.”

அவள் தொலைபேசியில் ஊரைக் கூப்பிட்டாள். திரையில் தலையணையும் ஒரு மெலிந்த முகமும் தெரிந்தன. தன் மொழியில் எண்ணைச் சொன்னாள். மற்ற எண்ணையும் சொன்னாள். கிழவர் சிரித்தார். பிறகு எதையோ கேட்டார்.

வாம்புய் திரும்பினாள். “தன்னை மேலே அனுப்ப முடியவில்லையென்று மாஸ்டர் அன்று தன் தலையைத் தடவி அழுதாராம். புள்ளியை மாற்றியது மாஸ்டருக்குத் தெரியுமா என்று கேட்கிறார்.”

தெரியாது என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். குகநேசன் தேநீர்த் தட்டோடு அவரையே பார்த்தான். திரைக்குள் இருந்த தழும்பும் அவரைப் பார்த்தது.

“தெரியும்,” என்றார் மகேந்திரராசா. “அவர்தான் சொன்னார். நான் எழுதினேன்.”

அவள் அதை மொழிபெயர்த்தாள். கிழவரின் வாய் சிரித்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பாபா,” என்று கூப்பிட்டாள் வாம்புய். “பாபா.”

அவர் திரும்பவில்லை.